வெள்ளம் வடிந்த வீட்டில் பூஞ்சணம்: இப்போதே பெயின்ற் பூசலாமா?

கேள்வி: மூதூர் மகள்

வணக்கம். மூதூரில் இருக்கும் எங்கள் அம்மாவின் வீட்டைப் பற்றிக் கட்டட வேலை தெரிந்தவர்களிடமும், இந்தத் தொல்லையை முன்பு பட்டவர்களிடமும் ஆலோசனை கேட்க விரும்புகிறேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகியபோது வீட்டினுள் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் ஏறி, சில நாட்கள் நின்று, சேற்றை விட்டுவிட்டு வடிந்தது. அம்மாவுக்கு நெடுங்காலமாக இழுப்பு (ஆஸ்துமா) இருப்பதால் அவரைத் திருகோணமலை உவர்மலையில் எங்களுடன் வைத்துக்கொண்டு, நானும் தம்பியும் போய்ச் சேற்றை அள்ளித் தரையைக் கழுவினோம். அன்றிலிருந்து யன்னல்கள் அனைத்தையும் இரவு பகலாகத் திறந்தே வைத்திருக்கிறோம். இருந்தும் வீடு காய்ந்தபாடில்லை.

முன் அறையில் சுவரின் அடியிலிருந்து இடுப்பு உயரம் வரை ஈரக்கோடு ஏறி நிற்கிறது. படுக்கையறையில் அலுமாரியை இழுத்துப் பார்த்தபோது அதன் பின்பலகையிலும் அதற்கு நேரான சுவரிலும் கரும்பச்சைப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து படர்ந்திருந்தன. விரலால் தொட்டால் ஈர மாவாக ஒட்டுகிறது. குசினிச் சுவரின் அடியில் வெண்மையான ஒன்று பூத்து உதிர்கிறது. அதுவும் பூஞ்சணம்தானா என்று தெரியவில்லை. சீலிங்கிலும் இரண்டு இடங்களில் கறை உண்டு. வீடு 6 அங்குலச் சீமெந்துக்கல்லால் கட்டி, உட்புறம் புட்டி வைத்து எமல்ஷன் பெயின்ற் பூசியது.

பெயின்ற் வேலை செய்யும் ஒருவர், ஈரத்தைத் தடுக்கும் பெயின்றை இரண்டு தடவை பூசினால் எல்லாம் அடங்கிவிடும் என்றும், தைப்பொங்கலுக்கு முன் முடித்துத் தருவதாகவும் சொல்கிறார். அம்மாவும் பொங்கல் பானையைத் தன் வீட்டு முற்றத்தில்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார். அயலவர் ஒருவரோ, அறைக்குள் சிரட்டைக்கரி மூட்டிக் கதவை அடைத்துவிட்டால் ஒரு கிழமையில் சுவர் காய்ந்துவிடும் என்கிறார். இவற்றில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, சுவர் காய்ந்துவிட்டது என்பதை எப்படி அறிவது, எந்தப் பொருட்களை வைத்திருக்கலாம் என்பவற்றை விளக்கினால் பேருதவியாக இருக்கும்.


பதில்: நிலாவெளி வாசகர்

2020 டிசம்பரில் புரவிப் புயல் எங்கள் கரைப்பக்கமாகக் கடந்தபோது எங்கள் வீட்டிலும் இதே நிலைதான். கடையில் விற்கும் வெளிற்றித் திரவத்தை (பிளீச்) தண்ணீர் கலக்காமலே சுவரில் தெளித்தோம். மறுநாளே கறுப்பு மறைந்துவிட்டது. அதன்மேல் நல்ல பெயின்றாகப் பார்த்துப் பூசினோம். அடுத்த மாரியில் அதே இடத்தில் மறுபடியும் வந்தது, மறுபடியும் தெளித்தோம். பெரிய செலவில்லாத வழி என்பதால் சொல்கிறேன்.


பதில்: ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்

தங்கச்சி, பெயின்ற் வேலையைப் பொங்கலுக்குப் பின்னுக்கும் தள்ளி வையுங்கள். பொங்கல் முற்றத்தில் பொங்கட்டும். அதற்குச் சுவரில் புதுப் பெயின்ற் தேவையில்லை. நிலாவெளி நண்பர் கோபிக்கக்கூடாது, ஆனால் அடுத்த மாரியில் அதே இடத்தில் மறுபடியும் வந்தது என்று அவர் எழுதியதிலேயே உங்கள் கேள்விக்கான பாதி விடை இருக்கிறது.

பூஞ்சண வித்துகள் வெள்ளத்தோடு வந்தவை அல்ல. அவை எப்போதும் எல்லா வீட்டுக் காற்றிலும் இருப்பவை. அவை விழுந்த இடம் ஈரமாக இருந்து, தின்பதற்கு ஏதாவது கிடைத்தால் 24 முதல் 48 மணித்தியாலங்களுக்குள் முளைக்கத் தொடங்கும். சீமெந்தையும் கல்லையும் அவை தின்பதில்லை. பெயின்றில் உள்ள சேர்மானங்கள், பலகை, ஒட்டுப்பசை, துணி, தூசு, ஆறு கொண்டுவந்த வண்டல் ஆகியவைதான் அவற்றின் உணவு. வித்தை ஒழிக்க முடியாது, உணவை முற்றாக அகற்றவும் முடியாது. நம் கையில் இருப்பது தண்ணீர் ஒன்றுதான். சுவருக்குள் தண்ணீர் இருக்கும்போது மேலே ஈரம் புகாத பெயின்றைப் பூசுவது, உலை கொதிக்கும் பானையின் மூடியைக் கட்டிவைப்பதற்குச் சமம். நீராவி வெளியேற வழி தேடிப் பெயின்றைக் கொப்பளமாகத் தள்ளும், அல்லது சுவரின் வழியே இன்னும் மேலே ஏறும்.

காயவைப்பதில் நீங்கள் செய்யும் ஒன்றை மாற்ற வேண்டும். யன்னல்களை இரவு பகலாகத் திறந்து வைப்பது நம் ஊரில் கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் சரி. வாடைக் காலத்தில் சரியில்லை. ஒரு கன மீற்றர் காற்று 25 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத் தாங்கும். 30 பாகையில் ஏறத்தாழ 30 கிராம் தாங்கும். மழை பெய்யும் இரவில் சாரீரப்பதன், அதாவது காற்று தாங்கக்கூடிய நீராவியில் ஏற்கனவே இருக்கும் பங்கு, 90 சதவீதமாக இருந்தால் அந்தக் காற்றில் மேலும் 2 கிராமுக்குச் சற்று அதிகமாகத்தான் இடம் இருக்கும். அதே நாள் மழை விட்டு, மதியம் 30 பாகை வெயிலில் சாரீரப்பதன் 65 சதவீதத்துக்கு இறங்கினால் 10 கிராமுக்கு மேல் இடம் இருக்கும். அதாவது மதியக் காற்று இரவுக் காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேலாகச் சுவரிலிருந்து ஈரத்தை எடுத்துச் செல்லக்கூடியது. ஆகவே மழையில்லாத நாட்களில் காலை பத்து மணியளவில் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து, மாலை நான்கு, நான்கரைக்கு மூடிவிடுங்கள். மழை நாளிலும் இரவிலும் மூடியே இருக்கட்டும். சாரீரப்பதனைக் காட்டும் சிறிய டிஜிற்றல் கருவி பெரிய விலையில்லை. ஒன்றை வாங்கி அறைக்குள் வைத்தால் ஊகிக்கும் வேலை இல்லாமல் போகும். அறைக்குள் 60 சதவீதத்துக்குக் கீழே நிற்கச் செய்வதே இலக்கு.

ஒரு அறையிலாவது ஏசி இருந்தால், கதவு யன்னலை மூடி, அதை ஈரம் உறிஞ்சும் நிலையில் ஓடவிடலாம். வெளியே சொட்டும் தண்ணீர்தான் உங்கள் சுவரிலிருந்து வந்தது. ஈரமகற்றும் இயந்திரம் இரவலாகவோ வாடகைக்கோ கிடைத்தால் இன்னும் நல்லது. இவை ஓடும்போது யன்னலைத் திறந்து வைத்தால் கொட்டியாரக் குடாவின் காற்றைக் காயவைக்கும் வேலைதான் நடக்கும். மின்விசிறியைப் பொறுத்தவரை, பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும் அறையில் அதைத் துடைத்தெடுக்கும்வரை விசிறியை ஓடவிடாதீர்கள். காய்ந்த வித்துகளை அது வீடு முழுவதும் வாரி இறைக்கும். துடைத்த பிறகு சுவரின் அடிப்பகுதியை நோக்கிச் சரித்து வைத்து ஓடவிடலாம்.

சிரட்டைக்கரி யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் காபன் மொனொக்சைட்டு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உள்ளே போனவர் திரும்பி வராமலே போகலாம். எரிவாயு அடுப்பையோ மண்ணெண்ணெய் அடுப்பையோ மூட்டினால் வேறொரு கூத்தும் நடக்கும்: ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நீராவி பிறக்கும். அது போய்ச் சேருமிடம் உங்கள் குளிர்ந்த சுவர்தான்.

அடுத்தது சுவர். 6 அங்குலச் சீமெந்துக்கல் என்றால் பெரும்பாலும் உள்ளே பொந்து உள்ள கல்லாக இருக்கும். வெள்ளம் நின்ற வீட்டில் அந்தப் பொந்துகளில் தண்ணீர் தேங்கி நிற்பதுண்டு. வெளியே சுவர் காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் உள்ளிருந்து மாதக்கணக்கில் ஊறும். தரைக்குச் சற்று மேலே, முதல் வரிக் கல்லில், வெளிப்புறமாகச் சிறு துவாரங்கள் இட்டுப் பார்க்கச் சொல்லி உங்கள் மேசனிடம் கேளுங்கள். தண்ணீர் வந்தால் வடியட்டும், வராவிட்டாலும் காற்றுப் போக அது வழியாகும். ஈரக்கோட்டுக்கு ஒரு அடி மேல்வரை எமல்ஷனையும் புட்டியையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். சுரண்டும்போது தண்ணீர் தெளித்துச் சுரண்டினால் தூசு எழாது. வெள்ளத்தில் ஊறிய சுவர் தடிப்பின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும் என்று குளிர் நாடுகளில் ஒரு கணக்கு வழங்குகிறது. இங்கே வெயில் அதைக் குறைக்கும், மாரி அதைக் கூட்டும். எப்படிப் பார்த்தாலும் மாசி பிறப்பதற்கு முன் பெயின்ற் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பூஞ்சணத்தைத் துடைக்கும் முறையைச் சொல்கிறேன். பரப்பு மொத்தமாக ஒரு சதுர மீற்றர் அளவுக்குள் இருந்தால் வீட்டார் தாமே செய்யலாம். அறை முழுவதும் படர்ந்திருந்தால் ஆள் வைத்துச் செய்விப்பதே நல்லது. என்95 முகக்கவசம், இறப்பர் கையுறை, பக்கம் மூடிய கண்ணாடி ஆகிய மூன்றும் இல்லாமல் தொடக்கூடாது. சாதாரணத் துணி முகக்கவசம் வித்தை மறிக்காது. அறைக் கதவுக்குப் பொலித்தீன் கட்டி மற்ற அறைகளிலிருந்து பிரித்துவிட்டு, வெளியே திறக்கும் யன்னலை மட்டும் திறந்து வையுங்கள். முதலில் தண்ணீரைப் புகையாகத் தெளித்து நனையுங்கள்; காய்ந்த நிலையில் தும்புத்தடியால் தட்டவே கூடாது. பிறகு சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, துணியை மடித்து மடித்துப் பாவித்து, ஊத்தைத் துணியைப் பையில் இட்டுக் கட்டி எறியுங்கள். துணிக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

வெளிற்றித் திரவம் ரைல்ஸ், கண்ணாடி, பிளாஸ்ரிக் போன்ற நீர் உறிஞ்சாத பரப்புகளுக்கே ஏற்றது. புட்டியிலும் பலகையிலும் அது மேலே உள்ள நிறத்தை வெளுக்கச் செய்யும். அதிலுள்ள தண்ணீரோ உள்ளே இறங்கும், வேரும் அங்கேயே இருக்கும். நிறம் போன பூஞ்சணமும், செத்த பூஞ்சணமும்கூட இழுப்புக்காரருக்கு ஒவ்வாமையைத் தரும் என்பதால், துடைத்து வெளியேற்றுவதுதான் வேலை, வெளுக்கவைப்பது அல்ல. பாவிப்பதானால் 4 லீற்றர் தண்ணீருக்கு 250 மில்லிலீற்றருக்கு மேற்படாமல் கலக்குங்கள். கழிவறை கழுவும் அமிலத்தோடோ, வினாகிரியோடோ, அமோனியா உள்ள துடைப்புத் திரவத்தோடோ அது சேரவே கூடாது. நச்சு வாயு எழும்.

காய்ந்ததை அறிய ஒரு சுலபமான வழி: ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் வைத்து நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் ரேப்பால் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுப் பாருங்கள். சுவர்ப் பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. அறைப் பக்கத்தில் மட்டும் பனித்திருந்தால் குற்றம் காற்றில். குசினியில் பூத்திருக்கும் வெள்ளைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: கரைந்தால் அது உப்பு, கரையாமல் இழுபட்டால் பூஞ்சணம்.


பதில்: மின்வேலை செய்பவன்

மேலே ஐயா எழுதிய எதையும் தொடங்குவதற்கு முன் ஒரு விடயம். தண்ணீருக்குள் இருந்த பிளக் பொயின்றுகளைக் காய்ந்துவிட்டன என்று நம்பி மின்விசிறியையோ ஏசியையோ செருகாதீர்கள். பிளக்கின் பித்தளைப் பாகங்களில் சேறு படிந்திருக்கும். சுவருக்குள் செல்லும் பிவிசி குழாய்களில் தண்ணீர் தேங்கியிருக்கும். வயரிங் தெரிந்த ஒருவரைக் கொண்டு மெயின் சுவிட்சை நிறுத்தி, வெள்ளக்கோட்டுக்குக் கீழே இருந்த பிளக்குகளை மாற்றி, வயரின் காப்பைக் கருவி வைத்துப் பரிசோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் அது பழுதல்ல, எங்கோ மின் கசிகிறது என்று அது சொல்கிறது. எக்காரணம் கொண்டும் அதை நேரடியாக இணைத்து ஓட்ட வேண்டாம். நனைந்த குளிர்சாதனப் பெட்டியையும் தண்ணீர் மோட்டரையும் ஆள் பார்க்காமல் போடாதீர்கள். ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்தால் விறாந்தையில் வைக்காமல், யன்னல்களிலிருந்து 20 அடியாவது தள்ளி வெளியில் வையுங்கள். கரிக்கு ஐயா சொன்ன அதே நச்சுவாயு அதிலும் உண்டு.


மூதூர் மகள்

அனைவருக்கும் மிக்க நன்றி. பெயின்ற் வேலைக்காரரிடம் மாசிக்குப் பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அவ்வளவு சந்தோசமில்லை. முன் அறையில் பொலித்தீன் ஒட்டிப் பார்த்ததில் சுவர்ப் பக்கம் தண்ணீர் நன்றாகக் கோத்திருந்தது. மேசன் வெளிச்சுவரில் துவாரம் இட்டபோது இரண்டு இடங்களில் கலங்கிய தண்ணீர் சிறிது நேரம் ஒழுகிக்கொண்டே இருந்தது. குசினியில் இருந்த வெள்ளை தண்ணீர் பட்டதும் கரைந்தது; நாக்கில் வைத்துப் பார்த்த தம்பி உப்பு என்று முகத்தைச் சுளித்தான். அந்தச் சுவர் அப்பப்பா காலத்தில் கட்டப்பட்டது. அக்காலத்தில் கடற்கரை மணலும் பூச்சில் சேர்ந்ததாக அம்மா சொல்கிறார்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். சீலிங் பழைய அஸ்பெஸ்டஸ் தட்டைத் தகடு. அதிலுள்ள கறையை மண்கடதாசியால் உரஞ்சி எடுத்துவிட்டுப் பெயின்ற் பூசலாமா? இரண்டாவது, இரும்புப் பெட்டியில் இருந்த காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அம்மாவின் கல்யாணப் படங்கள் யாவும் நனைந்து ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றை வெயிலில் பரப்பலாமா?


பதில்: ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்

அஸ்பெஸ்டஸைத் தயவுசெய்து உரஞ்சாதீர்கள். மண்கடதாசி, கம்பித் தூரிகை, துளைபோடும் இயந்திரம், அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் தண்ணீர் ஆகிய எதுவும் அதில் படக்கூடாது. அதிலிருந்து பறக்கும் நார் கண்ணுக்குத் தெரியாது. நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடியது. உடையாத தகடு அதன் பாட்டில் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. முகக்கவசம் அணிந்து, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். துணியைக் கழுவி மறுபடி பாவிக்காமல் ஈரத்தோடே பையில் கட்டிவிடுங்கள். தகடு வெடித்தோ தொங்கியோ இருந்தால் நீங்கள் கை வைக்காமல், கழற்றத் தெரிந்தவரைக் கொண்டு நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்குங்கள்.

இருந்தாலும் சீலிங் கறை வெள்ளத்தால் வந்ததல்ல, தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறவில்லையே. புயற்காற்றில் கூரைத் தகட்டின் ஆணிகள் தளர்ந்து, அவற்றின் இறப்பர் வளையங்கள் விலகியிருக்கும். அல்லது பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் உள்ளே திரும்பியிருக்கும். கூரையில் ஏறிப் பார்ப்பவர் தகட்டின் மேல் நேரே மிதிக்காமல் பலகை போட்டு நடக்க வேண்டும். மழை பெய்யும்போது ஒருவர் உள்ளே நின்று எந்த இடத்தில் சொட்டுகிறது என்று பார்த்துக் குறித்து வைத்தால், பிறகு ஏறுபவருக்கு வேலை பாதியாகக் குறையும்.

குசினிச் சுவர் வேறு கதை. கறியுப்பு, காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துத் தானே கரையும். கடல் மணற் பூச்சு உள்ள சுவர், வெள்ளமே வராவிட்டாலும் ஒவ்வொரு மாரியிலும் நனைந்து, கோடையில் உப்பாகப் பூக்கும். நம் கரையோர வீடுகளில் பலர் இதைத் தண்ணீர்க் குழாய் வெடிப்பு என்று நினைத்துச் சுவரை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சுவரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு இன்னும் உள்ளே போகும். காய்ந்த நாளில் மெல்லிய தூரிகையால் உதிர்த்து, முறத்தில் ஏந்தி வெளியே கொட்டுங்கள். நிரந்தரமாக நிறுத்த வேண்டுமென்றால் கோடையில் ஈரக்கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, கல்லை நன்றாகக் காயவிட்டு, கழுவிய ஆற்றுமணலில் சுண்ணாம்பும் சீமெந்தும் சேர்த்துப் பூச வேண்டும். சீமெந்தை மட்டும் கெட்டியாகப் பூசினால் ஈரம் பூச்சுக்கு மேலே ஏறி அடுத்த கோட்டைப் போடும்.

மேற்பூச்சாக, அந்தச் சுவருக்கும் முன் அறைக்கும் முதல் வருடம் வெறும் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வேன். புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சணம் முளைக்காது. சுவரின் ஈரமும் அதனூடாக வெளியேறும். சுண்ணாம்பு காற்றுப் பட்டுப் பட்டுத் தன் காரத்தை மெல்ல இழக்கும் என்பதால் அடுத்த வருடம் மறுபடி அடிக்க வேண்டிவரும். பெயின்ற் வேலைக்காரர் அப்போது சந்தோசப்படட்டும்.


பதில்: நூலகப் பணியாளர்

காணி உறுதியையும் படங்களையும் வெயிலில் பரப்ப வேண்டாம். தாள் சுருளும், மை வெளிறும். ஒட்டிக் கிடக்கும் தாள்களை நகத்தால் பிரிக்கவும் கூடாது. உடனே கவனிக்க நேரமில்லையென்றால் கட்டுக்கட்டாகப் பொலித்தீன் பையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்துவிடுங்கள். உறைந்த தாளில் பூஞ்சணம் வளராது, ஆறுதலாக ஒவ்வொரு கட்டாக எடுத்துப் பார்க்கலாம். எடுத்ததும் உருகவிட்டு, தானாக விலகும் தாளை மட்டும் விலக்கி, அச்சில்லாத வெள்ளைத் தாளையோ ரிசுத் தாளையோ இடையில் வைத்து, நனைய நனைய மாற்றி, நிழலில் மின்விசிறிக் காற்று நேரே படாதவாறு காயவிடுங்கள். பத்திரிகைத் தாளை இடையில் வைத்தால் அதன் மை பதிந்துவிடும்.

படங்கள் சேறு பட்டிருந்தால் குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசி, படப்பக்கம் மேலே இருக்கும்படி தனித்தனியாக வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்று காய்ந்தால் பிறகு பிரிக்க முடியாது. அல்பத்தோடு ஒட்டியவற்றைப் பிடுங்குவதற்கு முன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாள்களை லமினேற் செய்யும் எண்ணம் இருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் யோசியுங்கள். ஈரத்தோடு அடைத்தால் உள்ளேயே பூக்கும்.

உறுதி முற்றாகப் பழுதடைந்தாலும் கலங்க வேண்டியதில்லை. நொத்தாரிசு எழுதிய உறுதியின் மறுபிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும். அதன் அத்தாட்சிப் பிரதியை விண்ணப்பித்துப் பெறலாம். பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்தை நாடுங்கள். பழுதான தாளில் உறுதி இலக்கமும் திகதியும் வாசிக்கக் கூடியதாக இருந்தால் அவற்றை இப்போதே குறித்து வையுங்கள், தேடுவதற்கு அவைதான் தேவைப்படும்.


பதில்: கிண்ணியா வாசகி

தங்கச்சி, பொருட்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் விரிவாக எழுதவில்லை என்பதால் சொல்கிறேன். எறிவதற்கு முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள். கிராம உத்தியோகத்தர் சேத விபரம் எடுக்க வரும்போது காட்ட எதுவும் இல்லாமல் நிற்கக்கூடாது.

வெள்ளத் தண்ணீரில் மலக்குழித் தண்ணீரும் கலந்திருக்கும் என்பதால், அதில் ஊறிய மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த கதிரை ஆகியவற்றை வைத்திருக்கவே வேண்டாம். இலவம்பஞ்சானாலும் தும்பு மெத்தையானாலும் மேலே வெயிலில் காய்ந்து உள்ளே காயாமல் கிடக்கும். சிப்போர்ட் அலுமாரி ஒரு முறை வீங்கினால் திரும்பாது. அதன் பின்பலகையில் இருப்பதாக நீங்கள் எழுதிய பூஞ்சணத்தைத் துடைத்து வைத்துக்கொள்வதில் பயனில்லை. முதிரை, தேக்கு, வேம்பு போன்ற கனமரத் தளபாடங்களைக் கழுவி நிழலில் காயவிட்டால் மீளும். சாறிகளையும் படுக்கை விரிப்புகளையும் சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டு அலசி வெயிலில் போட்டால் போதும். மணம் போகாத துணியை மட்டும் விடுங்கள். சேற்றில் இறங்கும்போது இறப்பர் சப்பாத்தும் கையுறையும் அணியுங்கள், காலில் காயம் இருந்தால் இறங்கவே வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்த வழியாகவும் வரும். காய்ச்சலோடு தசைநோவு இருந்தால் வெள்ளத்தில் இறங்கியதைச் சொல்லி வைத்தியரிடம் காட்டுங்கள். கிணற்றையும் இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் இடுவித்த பிறகே சமையலுக்கு எடுங்கள்.

அம்மாவைப் பொங்கலன்று கூட்டிப் போவதில் பிழையில்லை. முற்றத்தில் இருந்துவிட்டு மாலையே உவர்மலைக்குத் திரும்பட்டும், படுக்கையறையில் ஓர் இரவும் வைக்க வேண்டாம். அவருடைய இழுப்பு மருந்து கைப்பையில் இருக்கட்டும். வீட்டுக்கு நிரந்தரமாகத் திரும்பும்போது புதிய அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விடுங்கள், கட்டிலையும் அப்படியே.

இன்னொன்று, கதவுகள். இப்போது வீங்கி நிலையில் இறுகி மூட முடியாமல் இருக்கும். ஓடாவியைக் கூப்பிட்டுச் சீவிவிட வேண்டும் போலவும் தோன்றும். சித்திரை வரை பொறுத்துப் பாருங்கள். ஈரத்தில் சீவிய கதவு காய்ந்து சுருங்கியதும் இடைவெளி விட்டு நிற்கும், பிறகு பூட்டு நாக்கு நிலையில் பிடிக்காது.